டிஷ், டேட்டா, கூத்துக் களரி: வன்னியில் ஸ்ட்ரீமிங் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னி வீடுகளிலும் கோயில் நிர்வாக சபைகளிலும் வீடியோக் கடை வாசல்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. டேட்டாப் பொதிகளின் விலை அடிக்கடி மாறும் என்பதால் விலை எதுவும் எழுதவில்லை. அளவுகளைத் தந்திருக்கிறோம், உங்கள் பொதியோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங் என்றால் யூரியூப் பார்ப்பதுதானா?

அதுவும்தான். நெட்பிளிக்ஸ், பிரைம் வீடியோ, ஸ்பொட்டிபை, பேஸ்புக் நேரலை எல்லாம் ஒரே வகை: முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திராமல், வரவர ஓடும்.

தொலைக்காட்சிக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்திருங்கள். டிஷ்ஷுக்கு வானத்திலிருந்து வருவது எல்லோருக்கும் பொதுவான அலை. மல்லாவியில் பத்து வீடு பிடித்தாலும் பத்தாயிரம் வீடு பிடித்தாலும் அது குறையாது. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு போனுக்கும் தனிப் பிரதி போகிறது. ஒரே படத்தை நூறு பேர் பார்த்தால் டவர் அதை நூறு தரம் அனுப்ப வேண்டும். கீழே வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

அப்படியென்றால் டிஷ்ஷைக் கழற்றி விடலாமா?

அமெரிக்காவில் 2025 மே மாதம் தொலைக்காட்சித் திரையில் சனம் செலவிட்ட நேரத்தில் 44.8 வீதம் ஸ்ட்ரீமிங்குக்குப் போனது என்பது நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. கேபிளும் சாதாரண ஒளிபரப்பும் சேர்ந்துகூட அதை எட்டவில்லை. அங்கே கேபிளைக் கழற்றிவிட்டு இதற்கு மாறினார்கள். வன்னி ஊர்களுக்குள் கேபிள் பெரிதாக ஊன்றவே இல்லை. போர்க்காலத்தில் ஜெனரேட்டரை இழுத்து, டெக்கை வாடகைக்கு எடுத்து, வளவு நிறையச் சனத்தோடு படம் பார்த்தோம். பற்றரி கிடைக்காத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் டிஷ்ஷுக்கும் போனுக்கும் வந்துவிட்டோம். ஆகவே அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே போட்டுப் பார்ப்பது சரிவராது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். அம்மம்மா ஒரு நாளைக்கு 5 மணிநேரம் சீரியலும் செய்தியும் பார்க்கிறார் என்று வையுங்கள். அதையே சாதாரணத் தரத்தில் இணையத்தில் பார்த்தால் மணிக்கு 0.7 ஜீபி, ஒரு நாளைக்கு 3.5 ஜீபி; மாதத்துக்கு 105 ஜீபி. அந்த வீட்டில் டிஷ் இருக்கட்டும். பெரியவர்கள் இல்லாத வீட்டில், எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள் என்றால், றீலோட் பண்ணாமல் கிடக்கும் பெட்டியை வைத்திருப்பதில் பலன் இல்லை.

மாரியில் டிஷ்ஷும் காலை வாரும். நேரடிச் செய்மதிச் சேவைகள் பயன்படுத்தும் உயரலையைக் கனமழை விழுங்கிவிடும். மழை விட்டதும் தானாக வந்தால் டிஷ்ஷில் பிழை இல்லை. வராவிட்டால், காற்றுக்குத் தட்டு அசைந்திருக்கும், அல்லது வயர் முனைக்குள் தண்ணீர் போயிருக்கும். முனையைக் கழற்றிப் பாருங்கள். செப்புக் கம்பி பச்சை பிடித்திருந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய முனை போட வேண்டும்.

ஒரு மணிநேரத்துக்கு எவ்வளவு டேட்டா போகும்?

எளிய வாய்ப்பாடு: ஓட்டத்தின் வேகத்தை எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவில்) எடுத்து 0.45 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை ஜீபி என்று வரும். நெட்பிளிக்ஸ் தரும் அளவுகள்: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜீபி, நடுத்தரத்தில் 0.7, எச்டியில் 3 வரை, 4கேயில் 7 வரை. பாட்டு மட்டும் என்றால் செலவு மிகக் குறைவு. ஸ்பொட்டிபையின் சாதாரணத் தரம் விநாடிக்கு 96 கிலோபிட். அது மணிக்கு 43 எம்பி. ஒரு ஜீபியில் 23 மணிநேரம் கேட்கலாம். அதே பாட்டை யூரியூப்பில் படத்தோடு ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமைக்கிறவர்கள், பார்க்காத படத்துக்கும் காசு கட்டுகிறார்கள்.

பொதி எங்கே போனதென்று தெரியவில்லை என்பவர்கள் முதலில் பேஸ்புக்கையும் ரிக்ரொக்கையும் பாருங்கள். விரலால் தள்ளத் தள்ள அடுத்த வீடியோ முன்கூட்டியே இறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்க்காமல் தள்ளியதற்கும் டேட்டா போயிருக்கும். பேஸ்புக்கில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். யூரியூப்பில் மொபைல் டேட்டாவுக்கான வீடியோத் தரத்தை ‘டேட்டா சேமிப்பு’ நிலையில் வையுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா தரும் வீட்டுப் பொதி என்றால், படத்தை அந்த நேரத்தில் இறக்கி வைத்துப் பகலில் பாருங்கள். ஆனால் இறக்கியது உங்கள் சொத்தாகிவிடாது. நெட்பிளிக்ஸில் சில படங்கள் ஓடத் தொடங்கி 48 மணிநேரத்தில் காலாவதியாகும்.

இரவு எட்டு மணியானால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரவுட்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. ஊர் முழுக்க ஒரே டவரில் தொங்கும் நேரம் அது. விடிய 5 மணிக்கு ஒருதரம், இரவு 8 மணிக்கு ஒருதரம் வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் 20 எம்பிபிஎஸ் வந்து இரவில் 2 வந்தால் டவர் நெரிசல். இரண்டு நேரமும் 2 என்றால் உங்கள் வீட்டுப் பக்கத்துப் பிரச்சினை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சமிக்ஞை வலு சய எண்ணில் இருக்கும். −80 சுற்றிவர நல்லது, −100 சமாளிக்கலாம், −110க்குக் கீழே போனால் படம் ஓடாது. தகரக் கூரை அலையை மறிக்கும். அறை நடுவில் அலுமாரிக்கு மேல் வைத்த ரவுட்டரை, டவர் இருக்கும் திசை யன்னலுக்கு மாற்றினாலே சிலவேளை பத்துப் புள்ளி ஏறும். அதிலும் சரிவராவிட்டால், ரவுட்டரின் பின்னால் அன்ரெனாத் துளை இருந்தால், கூரைக்கு மேல் குழாயில் திசை அன்ரெனா ஏற்றலாம். வயர் 10 மீற்றருக்கு மேல் போனால் ஏற்றி வாங்கியதை வயரே தின்றுவிடும்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

2022 மின்வெட்டில் வன்னிச் சனம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத் தவித்திருக்கும், பழக்கம் அப்படி. 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டருக்கு 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று போதும். கணக்கு: 12 × 7 = 84 வாட்-மணி. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 42 தான் கைக்கு. 10 வாட் இழுக்கும் ரவுட்டர் நாலு மணிநேரம் ஓடும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 9 அல்லது 5 என்றிருந்தால் நேரே கொடுக்க வேண்டாம், எரிந்துவிடும்.

சித்திரை, ஐப்பசி இடிமின்னல் காலத்தில் பிளக்கை மட்டும் கழற்றினால் காணாது. கூரை அன்ரெனா வயரையும் டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணாவின் கணக்கில் இருக்கும் படம் இங்கே ஏன் வருவதில்லை?

படத்தின் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. கனடாவுக்கு வாங்கிய நிறுவனம் இலங்கைக்கு வாங்காமல் விட்டிருக்கலாம். நெட்பிளிக்ஸ் 2016 சனவரி 6 அன்று ஒரே நாளில் 130க்கு மேற்பட்ட நாடுகளில் திறந்தபோது இலங்கையும் அதில் இருந்தது. ஆனால் கடை ஒன்றானாலும் தட்டுகள் வேறு வேறு. 2023இலிருந்து ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று இறுக்கியும் விட்டார்கள். அண்ணாவின் கடவுச்சொல்லை நம்பிப் பெரிய தொலைக்காட்சி வாங்குவது புத்தியல்ல.

அதைவிட அடிக்கடி நடப்பது இன்னொன்று: காசு கட்டியும் படம் மங்கல். மலிவான போன்களிலும் சந்தையில் விற்கும் பெயரில்லா ஆண்ட்ரொய்ட் பொக்ஸ்களிலும் படக்காப்புப் பூட்டு கீழ்மட்டத்தில்தான் இருக்கும். வைட்வைன் எல்3 என்று அதற்குப் பெயர். அதில் எச்டி விடமாட்டார்கள். எவ்வளவு வேகமான இணையம் இருந்தாலும் 480பிதான். வைட்வைன் மட்டத்தைக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. வாங்க முன்னர் கடையிலேயே போட்டுப் பாருங்கள், எல்1 என்று வர வேண்டும். எல்லாப் படமும் இலவசம் என்று சொல்லி விற்கும் பொக்ஸ்களில் கள்ள மென்பொருள் ஏற்றி வந்தவை உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கின்றன. வங்கிச் செயலி இருக்கும் வீட்டு வைபையில் அதைக் கொழுவாதீர்கள்.

படம் தியேட்டரில் ஓடி முடிய முன்னமே போனில் வந்துவிடுகிறதே?

2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டரைத் தொடாமல் நேரே பிரைமில் வந்தபோது தமிழகத் தியேட்டர்காரர் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு ‘மாஸ்டர்’ சனவரி 13 தியேட்டரில், 29 பிரைமில். இடையில் 16 நாள். பிறகு தமிழ்ப் படங்களுக்கு நாலு கிழமை இடைவெளி என்பது பொது வழக்கமாகிவிட்டது. முன்பு தியேட்டருக்கு அடுத்த வருமானம் தொலைக்காட்சி உரிமை. இப்போது ஓடிடி உரிமை முன்னுக்கு வந்துவிட்டது. புதுப்படத்தைக் காட்டிப் பெருநாளில் சனத்தை இழுத்த தொலைக்காட்சிகளின் பிடி தளர்ந்தது இதனால்தான். இங்கே இதில் பெரிதாக அடிபட்டவர் சீடிக் கடைக்காரர்.

சீடிக் கடை, வீடியோக் கடை வைத்திருந்தவர்கள் என்ன செய்யலாம்?

கொப்பி அடித்து விற்ற காலம் முடிந்தது. கமராவும் ஒலியும் தெரிந்தவர்களுக்கு வேலை கூடியிருக்கிறது: கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் நேரலை கேட்கிறார்கள். கேட்பவர் ரொரன்ரோவிலோ பாரிசிலோ இருக்கிறார். வெளியூர்ப் படம் இங்கே வருவதைவிட, இங்கிருந்து வெளியே போவதுதான் வன்னியில் ஸ்ட்ரீமிங் செய்த பெரிய மாற்றம் என்பது எங்கள் எண்ணம். ஆகவே அடுத்த பதில் நீளமானது.

விடிய விடிய நடக்கும் கூத்தை நேரலையாக விடுவது எப்படி?

காத்தவராயன் கூத்தையே எடுப்போம். இரவு 10 மணிக்குத் தொடங்கி விடிய 5 மணிக்கு முடிகிறது என்றால் 7 மணிநேரம். 720பி தரத்தில் 2.5 எம்பிபிஎஸ் அனுப்பினால் மணிக்கு 1.1 ஜீபி, மொத்தம் 8 ஜீபி. இடையில் அறுந்து திரும்பத் தொடங்குவதற்கும் சேர்த்து 12 ஜீபி இருக்கட்டும். ஏற்று வேகம் (அப்லோட்) அனுப்புவதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 5, இருக்க வேண்டும். பலர் இறக்கு வேகத்தைப் பார்த்துவிட்டு நம்பிப் போகிறார்கள், அறுவது அங்கேதான். 5 வராவிட்டால் 480பி, 1 எம்பிபிஎஸ். படம் நின்று நின்று வருவதைவிடக் கொஞ்சம் மங்கலாக ஓடுவது மேல்.

அளப்பதை வெறும் களரியில் பகலில் செய்யாதீர்கள். வற்றாப்பளை வைகாசிப் பொங்கல் போன்ற நாளில் சனம் வந்து சேர்ந்தபின் டவர் திணறும். இரண்டு வலையமைப்பின் சிம்மைக் கையில் வைத்திருங்கள். பக்கத்து வீட்டில் பைபர் இருந்தால் கேட்டு ஒரு வயர் இழுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

யூரியூப்பில் நேரலையை முதன்முதல் திறந்துவிட 24 மணிநேரம் வரை எடுக்கும். கூத்தன்று பின்னேரம் ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. போனிலிருந்து விட 50 சந்தாதாரர் வேண்டும். இல்லாதவர்கள் மடிக்கணினியில் ஓபிஎஸ் (OBS) என்ற நேரலை மென்பொருள் மூலம் விடலாம். 2025 யூலை 22 முதல் தனியாக நேரலை விடுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். போனைப் பறப்பு நிலையில் போட்டு வைபையில் மட்டும் விடுங்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் ஒலி போய்விடும். உறையைக் கழற்றுங்கள். சார்ஜில் நின்றபடி ஏழு மணிநேரம் ஓடும் போன் கொதிக்கும், கொதித்தால் தானே அணையும். ஒரு சின்ன மேசை விசிறியைப் போனின் முதுகுக்குப் பிடித்து வையுங்கள். இதைச் செய்யாதவர்களின் நேரலை, காத்தான் கழுவேறும் கட்டம் வரும்போது செத்துக் கிடக்கும். சனம் விழித்திருப்பதே அந்தக் கட்டத்துக்காக.

ஒலிதான் பாதிக் கூத்து. போனின் மைக்குக்கு ஒலிபெருக்கிக் குழாயின் இரைச்சல்தான் விழும். உடுக்கும் ஆர்மோனியமும் ஒன்றாய்க் கலங்கும். ஒலியமைப்புக்காரரிடம் மிக்சரின் ‘ரெக்’ வெளியீட்டைக் கேளுங்கள். அதை நேரே போனின் மைக் துளைக்குள் செருகினால் கரகரக்கும். மிக்சர் தருவது ஏறக்குறைய ஒரு வோல்ட், மைக் எதிர்பார்ப்பது மில்லிவோல்ட். நடுவில் லைன் உள்ளீடு (line in) உள்ள சிறிய யூஎஸ்பி ஒலிப்பெட்டி வேண்டும். பிற்பாட்டுக்காரருக்கு மைக் இல்லாத மேடை என்றால், மிக்சர் ஒலியில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். முதல் வரவுக்கு முன்னரே ஹெட்போனில் கேட்டுச் சரிபாருங்கள்.

போகஸ் லைட்டில் வெள்ளை உடுப்பு வெளிறி முகம் கறுத்தால், நடிகரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஒளி அளவைப் பூட்டுங்கள்.

அறிவிப்பில் நேரத்தை அந்தந்த ஊருக்குப் போடுங்கள். கோடையில் இங்கே இரவு 10 என்றால் பாரிசில் மாலை 6.30, இலண்டனில் 5.30, ரொரன்ரோவில் மதியம் 12.30. குளிர்காலத்தில் அங்கெல்லாம் ஒரு மணி முந்தும்.

இடைவேளையில் சினிமாப் பாட்டுப் போட்டதால் நேரலை நின்றுவிட்டது. ஏன்?

யூரியூப்பின் அடையாளக் கருவி பாட்டைக் கண்டுபிடித்துவிடும். எச்சரிக்கை வரும், தொடர்ந்தால் நேரலை நிறுத்தப்படும். இடைவேளையில் ஒலியை மூடுங்கள், அல்லது உங்கள் குழுவின் மத்தள வாசிப்பைப் பதிவுசெய்து வைத்திருந்து போடுங்கள்.

யூரியூப்பா, பேஸ்புக்கா?

இரண்டிலும் விடலாம். ஆனால் 2025 பெப்ரவரி முதல் பேஸ்புக் நேரலை வீடியோக்கள் 30 நாளில் அழிக்கப்படுகின்றன. இறக்கி வைக்காவிட்டால் போய்விடும். யூரியூப்பில் 12 மணிநேரத்துக்குக் குறைந்த நேரலைதான் தானாகச் சேமிக்கப்படும். காலைப் பூசையிலிருந்து நள்ளிரவுவரை ஒரே நேரலையாக விடாமல் இரண்டாக வெட்டுங்கள்.

இதில் காசு வருமா? வந்தால் யாருக்கு?

யூரியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஷோர்ட்ஸ் எனும் குறு வீடியோக்கள் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. நீள வீடியோவில் 55 வீதம் உங்களுக்கு. 100 டொலர் சேர்ந்த பின்தான் அனுப்புவார்கள். அதற்கு முன், 10 டொலர் ஆனதும், முகவரியை உறுதிசெய்யும் இரகசிய இலக்கம் (PIN) தபாலில் வரும். வன்னியில் பலருக்குச் சறுக்குவது இங்கேதான். வீட்டு இலக்கம் இல்லாத முகவரி என்றால் கிராம அலுவலர் பிரிவையும் தபாலகத்தையும் தெளிவாக எழுதித் தபாற்காரரிடமும் சொல்லி வையுங்கள். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்தில் 24 வீதம் வரை பிடிப்பார்கள்; அரைமணி நேர வேலை அது.

யாருக்கு என்ற கேள்வியை முதல் நாளே பேசி முடியுங்கள். கமரா பிடித்தவரின் பெயரில் சனல் இருப்பதால் காசு அவருக்குப் போகிறது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடை. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, தன் ஆற்றுகையைப் பதிவதற்கும் ஒலி, ஒளிபரப்புவதற்கும் அனுமதி தரும் உரிமை கலைஞருக்கு உண்டு. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: சனல் யாருடையது, கடவுச்சொல் எந்த இருவரிடம், வருமானத்தில் கூத்துக் குழுவுக்கு எத்தனை வீதம், கோயிலுக்கு எத்தனை வீதம். அண்ணாவியாரும் தலைவரும் கமராக்காரரும் கையெழுத்து வைக்கட்டும்.

றேடியோ இனி எதற்கு?

பிபிசி தமிழோசையின் சிற்றலை 2017 ஏப்ரல் 30இல் நின்றது. எப்எம் மட்டும் அழியாது என்று சொல்லலாம். டேட்டா வேண்டாம், வெள்ளத்தில் டவர் விழுந்தாலும் இரண்டு பற்றரியில் பேசும். வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

பழைய டெக் கசெற்றுகளில் கூத்தும் கலியாண வீடும் இருக்கின்றன. யூரியூப்பில் ஏற்றலாமா?

ஏற்ற முன் கசெற்றின் கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். டெக்கின் தலையையும் அடுத்த கசெற்றையும் சேர்த்துக் கெடுக்கும். அதைத் தனியே சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, ஒட்டியிருக்கும் சுற்றுகளை விடுவியுங்கள். யூஎஸ்பி பதிவுக் கருவியை இங்கத்தைய தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில், 720க்கு 576 அளவில், விநாடிக்கு 25 சட்டத்தில் வையுங்கள். அமெரிக்க முறையில் விட்டால் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வரும். மூன்று மணிநேரக் கசெற் மூன்று மணிநேரம்தான் எடுக்கும், குறுக்கு வழி இல்லை. கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். யூரியூப்பில் ஏற்றுவது அதற்குப் பிறகு, அதில் இருப்பவர்களின் வீட்டாரைக் கேட்டுவிட்டு.